திங்கட்கிழமைத் துணை

"இந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு?" என்று மதர் கிளேர் ஆங்கிலத்தில் கேட்டார்.

நஸீரா அதைத் தமிழில் சொன்னாள். மதருக்குத் தமிழ் வராது. வேளாங்கண்ணிக்கு இங்கிலீஷ் வராது. மதுரையில் அந்த மாதர் கல்லூரியின் தலைவி அறையில் இரண்டும் தெரிந்தவள் நஸீரா ஒருத்திதான். தன் மேல் வந்த புகாருக்குத் தானே நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"உறவெல்லாம் இல்லைன்னு சொல்லு. நான் கருவாடு விக்கிறவ. இவ பாம்பன் மரைக்கார் மக. ரயில்ல துணைக்கு வாரேன்."

"தகப்பனார் எங்கே?"

"கொழும்புல யாவாரம் பாக்குறாக."

"தாயார்?"

"அவுக வாசப்படி தாண்ட மாட்டாக மதர். அதான் நான் வந்தேன்."

மதர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இந்தப் பெண்ணுக்கு வருகை குறைந்துவிட்டது. இப்படியே போனால் இறுதிப் பரீட்சை எழுதப் பல்கலைக்கழகம் அனுமதிக்காது. பரீட்சை இல்லையென்றால் பட்டமும் இல்லை. மஞ்சள் காமாலையில் கிடந்த நாட்களுக்கு டாக்டர் சீட்டு வைத்திருக்கிறாள். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் திங்கட்கிழமை காலை வகுப்பைத் தவறவிடுகிறாளே, அதற்கு என்ன சீட்டு?"

நஸீரா தலையைக் குனிந்துகொண்டே இதையும் சொன்னாள்.

"அது என் தப்பு" என்றாள் வேளாங்கண்ணி. "ஞாயித்துக்கிழமை நான் பாம்பன் பாலம் தாண்டுறதில்லை. திங்கக்கிழமை விடியக்காலை வண்டியைத்தான் பிடிப்பேன். அது மதுரைக்கு வந்து சேர மத்தியானம் ஆயிரும்."

"ஏன் தாண்டுவதில்லை?"

"ஆண்டவர் நாளு."

மதருக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கன்னியாஸ்திரி எப்படி அதைக் குற்றம் என்று சொல்வார்? "ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்வது பாவம் என்று திருச்சபை சொல்லவில்லையே" என்றார்.

"திருச்சபை சொல்லலை மதர். நான் சொன்னேன்."

வேளாங்கண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எம்புருசன் சிலுவைமுத்து. ஒரு ஞாயித்துக்கிழமை, நல்ல சீலாமீன் கூட்டம் வந்திருக்குன்னு கேள்விப்பட்டு, பூசையை விட்டுட்டுக் கடலுக்குப் போனாரு. வள்ளம் வந்துச்சு, அவரு வரலை. உடம்பு கிடைக்காததால கல்லறையும் இல்லை. அன்னைக்கு மாதா முன்னால வாக்குக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை மீனைத் தொட மாட்டேன், கடலைத் தாண்ட மாட்டேன், காலைப் பூசைக்கு அவரு பேருல ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன்னு. பாலத்துக்குக் கீழ கிடக்கிறது கடல்தானே, மதர்?"

நான்கு வருடமாக அவளோடு ரயிலில் போய் வந்தும் இது நஸீராவுக்குத் தெரியாது. கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, கடைசி வாக்கியத்தில் நின்றுபோனாள். பிறகு மெதுவாக அதையும் சொன்னாள்.

மதர் பேனாவைத் திறந்தார். "குறையை மன்னிக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு நான் பரிந்துரை எழுதுகிறேன். முடிவு அவர்களுடையது. ஆனால் இனி ஒரு திங்கட்கிழமைகூடத் தவறக் கூடாது."

"தவறாது மதர்."

"இவள் பட்டம் வாங்கினால் நீங்களே வந்து என்னிடம் சொல்ல வேண்டும்."

"வந்து சொல்றேன். ஆனா திங்கக்கிழமைதான் வருவேன்."

அந்த அறையில் மதர் கிளேர் சிரித்து நஸீரா பார்த்தது அன்று ஒருமுறைதான்.

வேளாங்கண்ணி பாம்பன் தெற்குவாடிக்காரி. கருத்த மேனி, காதில் பாம்படம் இருந்ததற்கு அடையாளமாகத் தொங்கும் வெறும் சோணை. சனிக்கிழமை வரை காய்ந்த கருவாட்டைத் திங்கட்கிழமை பனையோலைக் கூடையில் அடுக்கிக்கொண்டு மதுரைக்கு வண்டி ஏறுவாள். கீழவாசல் பக்கத்தில் அவளுக்கென்று வாடிக்கை வீடுகள் இருந்தன. ரயிலில் பெண்கள் பெட்டிதான் அவளுக்கு. ஏறியதும் கூடையைப் பலகைக்கு அடியில் தள்ளி, நஸீராவை ஜன்னலோரம் உட்காரவைத்து, தான் பக்கத்தில் அணை போட்டதுபோல் உட்கார்ந்துவிடுவாள்.

ராமநாதபுரத்தில் ஏறுகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.

"என்ன இது, பெட்டியா, கருவாட்டுக் கடையா?"

"ராத்திரி குழம்பு வைக்கிறப்ப மட்டும் மணக்கும், இப்ப நாறுதாக்கும்?" என்பாள் வேளாங்கண்ணி. பரமக்குடி வருவதற்குள் அப்படிக் கேட்ட அம்மாளே கூடையைத் திறக்கச் சொல்லி நெத்திலிக்கு விலை பேசிக்கொண்டிருப்பாள்.

டிக்கெட் பரிசோதகர் வீரையாவோடு அவளுக்கு ஓயாத வழக்கு. கூடைக்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அது தன் மடியில் வைக்கும் பிள்ளை மாதிரி என்பது இவள் கட்சி. "உம்பிள்ளை என்னளவு கனம் இருக்கே" என்று அவர் சொல்லிக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

நஸீராவின் வாப்பா ஹாஜா முகைதீன் மரைக்காயருக்குச் சங்கு வியாபாரம். மகளைக் கல்லூரியில் சேர்த்ததே ஊரில் பெரிய பேச்சு. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: விடுதியில் இருந்தாலும், மாதத்தில் இரண்டு முறை சனிக்கிழமை வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் துணையோடு வர வேண்டும். சனிக்கிழமை மதுரையிலிருந்து அழைத்துவர உறவுக்காரர் ஒருவர் இருந்தார். திரும்பக் கொண்டுபோய் விடத்தான் ஆள் இல்லை. கொல்லைப்புறம் கருவாடு கொண்டுவந்த வேளாங்கண்ணியிடம் உம்மா ஹமீதா பானு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவள் உடனே சம்மதித்தாள். அரை நாள் பிந்திப் போவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. "தோணி அரை நாள் பிந்தி வந்தாலும் கரைக்கு வந்துட்டா வந்ததுதான்" என்றார் வாப்பா. கல்லூரியில் வருகைக்குக் காலை ஒரு கணக்கு, மாலை ஒரு கணக்கு என்பது கடல் வியாபாரிக்கு எப்படித் தெரியும்?

கருவாட்டு வாடை நஸீராவின் புத்தகங்களில்கூட ஏறியிருந்தது. "ஷேக்ஸ்பியரைத் தந்தால் சாப்பிடலாம் போலிருக்கிறதே" என்று அறைத்தோழி சிரிப்பாள். நஸீரா எதற்கும் அதிகம் பேசுகிறவள் அல்ல. ரயிலில் ஐந்தாறு மணி நேரமும் வேளாங்கண்ணிதான் பேசுவாள். நஸீரா கேட்டுக்கொண்டே வருவாள்.

மதரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நஸீரா ஊருக்குப் போவதை அடியோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிற்பகல் கல்லூரி வாசலில் வேளாங்கண்ணி நின்றாள். உம்மா பொரித்துக் கொடுத்த மீன், வட்டிலப்பம், வீட்டுச் சேதி எல்லாம் அவள் கையில் வந்து சேர்ந்தன. காவல்காரன் உள்ளே விடமாட்டான். கம்பிக் கதவுக்கு வெளியில் நின்றே கேட்பாள்:

"இன்னைக்குக் காலையில வகுப்புக்குப் போனியா?"

"போனேன்க்கா."

"பேர் கூப்பிட்டாகளா?"

"கூப்பிட்டாங்க."

"சத்தமாச் சொன்னியா? நீ பேசுறது உனக்கே கேக்காது."

பல்கலைக்கழகம் குறையை மன்னித்தது. 1957-ஆம் வருடம் நஸீரா பி.ஏ. பரீட்சை எழுதி இரண்டாம் வகுப்பில் தேறினாள். பாம்பனில் தெரு முழுவதும் சீனி வழங்கினார் வாப்பா. அந்தச் சமயம் அவர் ஊரில்தான் இருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் அடிபட்டு, கம்பு ஊன்றி முற்றத்துக்குள் நடந்துகொண்டிருந்தார்.

தேறினால் மட்டும் பட்டம் வந்துவிடாது. பட்டமளிப்புக்குப் பதிவு செய்ய வேண்டும். சென்னைக்குப் போய் நேரில் பெறுவதா, தபாலில் பெறுவதா என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வாப்பாவிடம் சொல்ல நஸீரா இரண்டு நாள் தயங்கினாள். அவள் மனசில் சென்னைதான் இருந்தது. வகுப்பில் பேர் கூப்பிட்டபோதெல்லாம் கூசிக்கூசிப் பதில் சொன்ன தன் பெயரை, ஒருமுறை அத்தனை பேருக்கு நடுவில் கேட்க வேண்டும் என்று ஆசை.

"காகிதம் வீட்டுக்கே வரும்னா எதுக்கு மெட்ராசுக்கு அலையணும்?" என்றார் வாப்பா. "நானோ கம்பும் கையுமா இருக்கேன். தபால்னு எழுது."

கொல்லைப்புறத்தில் உம்மாவுக்குக் கருவாடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வேளாங்கண்ணி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏன் மரைக்காரே, எங்க கோயில்ல நற்கருணையைத் தபால்ல அனுப்பச் சொன்னா சாமியார் அனுப்புவாரா?"

"அது வேற, இது வேற."

"சரி, உங்க சேதிக்கே வாரேன். ஹஜ்ஜைத் தபால்ல முடிச்சவுக உண்டா?"

வாப்பா சிரித்துவிட்டார். "தபால்ல முடியாது. ஆனா ஆள் அனுப்பலாம், தெரியுமா உனக்கு? முடியாதவுகளுக்காக இன்னொருத்தர் போய்ட்டு வரலாம்."

"முடியாதவுகளுக்குத்தானே? இவளுக்கு என்ன முடியலை? காலு நல்லாத்தானே இருக்கு?"

கதவுக்குப் பின்னால் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. வாப்பா கம்பால் தரையைத் தட்டினார். "நீ கூடப் போவியா?" என்று கேட்டார்.

"போறேன்."

"அப்ப எழுதிக்கிறட்டும், நேர்லன்னு."

நஸீரா அன்றே எழுதி, கட்டணத்தோடு அனுப்பினாள். ஆவணியில் பதில் வந்தது. பட்டமளிப்பு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலை அங்கி வாங்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்துவிட வேண்டும். அப்படியானால் சென்னைக்குப் போகும் போட் மெயிலில் பாம்பனில் ஏற வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை.

நஸீரா அதை மடித்து வைத்துவிட்டு, வாப்பாவிடம் போனாள். "தபால்லயே வரட்டும் வாப்பா. இப்பவும் மாத்தி எழுதலாமாம்."

"ஏன்?"

"சும்மாதான்."

வேளாங்கண்ணி அன்று வந்தபோது உம்மா இதைச் சொல்லிவிட்டாள். அவள் நேராக நஸீரா இருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"என்னடி, நேத்து வரைக்கும் மெட்ராஸ் மெட்ராஸ்னு கனாக் கண்டுக்கிட்டு இருந்த. இப்ப என்ன வந்துச்சு?"

நஸீரா மடித்து வைத்த கடிதத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எந்தக் கிழமை ஏறணும்?"

நஸீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேளாங்கண்ணிக்கு விளங்கிவிட்டது. கூடையைக் கீழே வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"கூறுகெட்டவளே. ஞாயித்துக்கிழமை கடலைத் தாண்ட மாட்டேன்னுதானே சொன்னேன்? சனிக்கிழமையே தாண்டிருவோம். மண்டபத்துல என் அண்ணன் மக மிக்கேலம்மா வீடு இருக்கு. ராத்திரி அங்கன தங்கிட்டு, மறுநாள் அங்கனயே மெயிலு ஏறிக்கிருவோம்." சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெழுகுவத்திதான். மண்டபத்துலயும் கோயிலு இருக்கு. ஆனா நான் சொன்னது நம்ம ஊரு மாதாகிட்ட. அவருக்குக் கல்லறையும் அந்த மெழுகுவத்தி எரியுற இடம்தானே."

"வேண்டாம்க்கா. தபால்லயே வரட்டும்."

அப்போது முற்றத்தில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. வாப்பா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முடியாதவுகளுக்கு ஆள் அனுப்பலாம்னு அன்னைக்குச் சொன்னேன்ல?" என்றார். "ஞாயித்துக்கிழமை உன்னால முடியாது. நான் போறேன்."

"நீங்களா? கோயிலுக்கா? நடக்கவே மாட்டாம..."

"வாசல்ல நின்னு, மணியடிச்சு விளக்கேத்துற கோயில்பிள்ளைகிட்டக் குடுக்கிறேன். ஏத்திட்டானான்னு பாத்துட்டு வாரேன். வேற என்ன செய்யணும், சொல்லு."

"அவரு பேரைச் சொல்லணும், மரைக்காரே."

"சிலுவைமுத்துதானே? நம்ம சங்குத் தோணியில வந்தவன்தானே அவன். எனக்குத் தெரியாதா?"

வேளாங்கண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.

சனிக்கிழமை அவள் வெறுங்கையோடு வந்தாள். கூடை இல்லை. பட்டம் வாங்கப் போகும் பிள்ளை மேல் கருவாட்டு வாடை அடிக்கக் கூடாது என்பதற்காக இரண்டு நாள் மீனையே தொடவில்லையாம். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடந்தாள். வீரையா டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் முகத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"கூடை எங்க?"

"பிள்ளை பெரிசாயிருச்சு. தனியா நடந்து வருது" என்று நஸீராவைக் காட்டினாள்.

மண்டபத்தில் மறுநாள் காலை பூசைக்குப் போய்விட்டு வந்த வேளாங்கண்ணி வீட்டுக்குள் வரவில்லை. கரையில் நின்று தண்ணீருக்கு அந்தப் பக்கம் பாம்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தியிருப்பாகளா, நஸீரா?"

"வாப்பா சொன்னாச் செய்வாங்கக்கா."

"இடுப்பு வலியோட மணல்ல நடக்கணுமே" என்று மட்டும் சொன்னாள்.

சென்னையில் மண்ணடியில் வாப்பாவின் கூட்டாளி வீட்டில் தங்கினார்கள். செவ்வாய்க்கிழமை பட்டமளிப்பு அரங்கு நிறைந்த கூட்டம். எல்லோரும் கறுப்பு அங்கி போட்டிருந்தார்கள். நஸீரா மட்டும் வெள்ளைத் துப்பட்டியின் முனையைத் தலைக்கு முக்காடாக இட்டு, அதன் மேல் அங்கியைப் போட்டிருந்தாள். பார்வையாளர் வரிசையிலிருந்து அத்தனை கறுப்புக்கு நடுவில் அந்த வெள்ளைத் தலையைக் கண்டுபிடிக்க வேளாங்கண்ணிக்குச் சிரமமே இல்லை. பெயரை வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"உட்காரும்மா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்தவர்.

"எம்பிள்ளை எறங்கட்டும், உக்காருறேன்" என்றாள் அவள். அது மேடை வரை கேட்டது. நஸீராவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பட்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, நிமிர்ந்து அந்தத் திசையில் பார்த்தாள்.

அங்கியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வேளாங்கண்ணி அதைத் தொட்டுப் பார்த்தாள். "எங்க சாமியார் அங்கியை விட நல்ல துணி" என்றாள்.

புதன்கிழமை ராத்திரி திரும்ப ரயிலேறினார்கள். மறுநாள் காலை வண்டி மண்டபத்தில் நின்றபோது, பக்கத்துப் பெட்டியில் வந்த தெற்குவாடி கோயில்பிள்ளை அருளானந்தம் இவர்களைக் கண்டு ஜன்னலோரமாக வந்து நின்றார். ராமநாதபுரம் வரை ஏதோ வேலையாகப் போய்த் திரும்புகிறாராம்.

"மரைக்கார் வந்தாகளா?" என்பதுதான் வேளாங்கண்ணியின் முதல் கேள்வி.

"அதை ஏன் கேக்குற! பூசைக்கு முந்தியே வந்து வாசல்ல நிக்கிறாக. உள்ள வந்து உக்காருங்கன்னா கேக்கலை. மெழுகுவத்தியைக் குடுத்து, 'சிலுவைமுத்து பேருக்கு'ன்னாக. ஏத்திட்டேன்னு சொன்னேன். 'எரிஞ்சு முடியட்டும், நிக்கிறேன்'னாக. காத்துல ஒருதரம் அணைஞ்சு போச்சு. வெளியில நின்னுக்கிட்டே, 'ஏலே, அருளானந்தம், அணைஞ்சிருச்சு பாரு'ன்னு ஒரு சத்தம்! சாமியார் பிரசங்கத்தையே நிறுத்திட்டாரு."

நஸீரா சிரித்தாள். வேளாங்கண்ணி சிரிக்கவில்லை. வண்டி பாலத்துக்கு மேல் ஊர்ந்தபோது ஜன்னல் கம்பிகளுக்கு இடையே கீழே கிடந்த தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். பட்டம் நஸீராவின் மடியில் குழல் மாதிரி சுருட்டித் துணியில் சுற்றியிருந்தது. வண்டி பாலத்தைக் கடந்து தீவின் மணலில் ஏறிய பிறகுதான் வேளாங்கண்ணி திரும்பினாள். எப்போதும் ஊரைக் கூட்டும் அந்தக் குரல் அப்போது மட்டும் இறங்கியிருந்தது.

"நஸீரா, உனக்கு இனிமே மதுரையில சோலி இல்லைதான். ஆனா அந்த மதருகிட்ட வந்து சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்ல. தனியாப் போய் அந்த ரூம்புல நிக்க எனக்குக் கூச்சமா இருக்குடி. வாற திங்கக்கிழமை எனக்குத் துணைக்கு வாரியா?"